ரோஸ்லின் ஒட்டிய படகு

திண்டிவனத்தில் தண்ணீர்த் தொட்டி, குளியலறைக் கதவு என்று விரிசல் விட்ட பைபரையெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தவள் ரோஸ்லின். வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டதும், தேய்க்கிற கிரைண்டரைப் பையில் போட்டுக்கொண்டு மரக்காணம் பக்கம் எங்கள் குப்பத்துக்கு வந்து வேலை கேட்டாள். பொம்பளை கை வைத்தால் படகு விளங்காதாம், ஒருத்தரும் தரவில்லை. எங்கள் பைபர் படகின் அடியில் முழ நீளத்துக்கு விரிசல் விழுந்தபோது வழக்கமாக ஒட்டுகிற ஆள் கிடைக்கவில்லை. நான் போட்ட சத்தத்தில்தான் என் வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி அவளைக் கூப்பிட்டார்.

இந்த ஒரு படகில் ஒட்டு நின்றால்தான் அவளுக்கு இந்தக் கரையில் பிழைப்பு. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் நாள் விரிசலைச் சுற்றித் தேய்த்துவிட்டுப் போனாள். மறுநாள் வெள்ளை நார் விரிப்பை வைத்து ரெசின் பசை பூசினாள். அதற்கடுத்த நாள் காலையில் தட்டிப் பார்த்தால், ஒட்டு முழுசாகப் பெயர்ந்து கையோடு வந்தது.

"நான் அப்பவே சொல்லல? தொட்டி ஒட்றவளுக்கு இன்னாத்துக்கு போட்டு வேல?" என்று சிரித்தார் பக்கத்துப் படகுக்காரர் விருத்தாசலம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ பெயர்ந்த துண்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல யாரு எண்ண தடவனது?"

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "தேச்சுட்டுப் போனியே, அன்னிக்கு சாயங்காலம் நான்தாம்மா... கொஞ்சம் மத்தி எண்ண. மரப்படகுக்குத் தடவுவோமே. வெயில்ல காஞ்சிக்கினு கெடந்துச்சேன்னு..."

கரை முழுக்க மீன் வாடை. ஒட்டும்போது எண்ணெய் வாடை அவளுக்கு எப்படித் தனியாகத் தெரியும்?

"யோவ்! எண்ண மேல எதுய்யா ஒட்டும்? உன் பாசத்துல தீய வெக்க!" என்று கத்தினேன். எல்லோர் காதிலும் விழட்டும் என்றுதான் அவ்வளவு சத்தம்.

"உடுக்கா, போவட்டும்" என்றாள் ரோஸ்லின். தின்னர் போட்டு எண்ணெயைத் துடைத்து, மறுபடி தேய்த்து, உள்ளேயும் வெளியேயும் புதிதாக ஒட்டினாள். காயும்வரை என் வீட்டுக்காரரை நான் படகுப் பக்கமே விடவில்லை.

படகை இறக்கும்போது விருத்தாசலம் மறுபடி ஆரம்பித்தார். "நடுக்கடல்ல தண்ணி ஏறுச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நான்தான். நானும் வர்றேன்" என்றாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. பொம்பளை ஏறுவதா என்று கரையில் முணுமுணுத்தார்கள்.

"எம் போட்டு. நீ ஏறும்மா" என்றார் என் வீட்டுக்காரர். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் அந்த மனுஷன் மேல் எனக்கு ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

அலை தாண்டிப் படகு மறைந்தது. கங்கையம்மனையும் மாதாவையும் சேர்த்தே கும்பிட்டேன். திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே அவர் கத்தினார்: "ஒட்டுல ஒரு சொட்டு ஏறல!"

ரோஸ்லின் இறங்கினாள், நாலடி நடந்தாள், மணலில் உட்கார்ந்து குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். விருத்தாசலம்தான் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தார்.

"வாயக் கொப்புளிம்மா. அப்பிடியே எம் போட்டையும் கொஞ்சம் பாத்துட்டுப் போயேன்."

"இப்ப முடியாதுண்ணே, தல சுத்துது" என்று அவள் சிரித்தாள். "நாளைக்கு வர்றேன்."

நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.