ருசி பார்த்த தண்ணீர்

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது காரின் சூட்டு முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. பானெட்டைத் திறந்தால் ஒரே ஆவி. புதுச்சேரியில் கல்யாணம், முகூர்த்தம் தவறிவிடுமே என்று எனக்கு எரிச்சல்.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண் தன் தண்ணீர் கேனோடு சாலைக்கு ஏறி வந்தார்.

"ஊத்துங்க சார், குடிக்கிற தண்ணிதான்."

நான் நம்பவில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் ரேடியேட்டர் கெட்டுவிடும் என்று, அவர் எதிரிலேயே ஒரு வாய் ருசி பார்த்தேன். பிறகு மொத்தத்தையும் ரேடியேட்டர் மேல் ஊற்றித் தீர்த்தேன். குடிக்க வேறு தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் காலி கேனை வாங்கிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

அனுமந்தை வருவதற்குள் முள் மறுபடியும் சிவப்பு. அங்கிருந்த மெக்கானிக் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஃபேன் நல்லாத்தான் இருக்குது சார். தெர்மோஸ்டாட் தொறக்காம மாட்டிக்கிச்சு. எஞ்சின் சூடு ரேடியேட்டருக்கே வரல. அதுமேல எவ்ளோ தண்ணி ஊத்தினாலும் வேஸ்ட்டுதான். கழட்டிட்டேன், போங்க."

மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பகல் முழுக்க வேலை இருந்தது.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது ஒரு கேன் தண்ணீர் வாங்கிப் போய்க் கொடுத்திருக்கலாம். நான் திண்டிவனம் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.