ஏகமனதாக என்று எழுதாதீர்கள்

ராமாத்தாள் மறைந்த செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் ஊர்க்காரர் அல்ல. கோவைப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி எங்கள் குளத்துக்கு மாடு ஓட்டி வந்தவர். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க வாத்தியாரே, நம்ம அம்மா போயிட்டாங்களாமுங்க?" என்றார். 'நம்ம' என்ற அந்தச் சொல்லுக்காக ராமாத்தாள் பட்ட பாட்டை அறிந்த ஊர்க்காரர்களான உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பாலக்காட்டின் கிழக்கோரத்தில் உள்ள எங்கள் பஞ்சாயத்தில், பெண்ணுக்கென்று இருந்த ஒற்றை நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது; கைநாட்டுத்தான். மலையாளியான கிளார்க்குக்குத் தமிழ் எழுத வராததால், கூட்டத்தில் பேசுவதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதித்தர என்னை அழைப்பார்கள்.

மழை பொய்த்த அந்தக் கோடையில் ஒரு தீர்மானம் வந்தது. குளத்தைச் சுற்றி முள்வேலி. எல்லை தாண்டி வரும் மாடுகளுக்குத் தண்ணீர் இல்லை. நாம் குடித்தது போக மிச்சம் நம் வயல் மோட்டார்களுக்கு. ராமாத்தாள் மட்டும் கூடாது என்றார். நானோ கைப்பழக்கத்தில் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதி, வாசித்துவிட்டு, மைப்பெட்டியை நீட்டினேன்.

அவர் கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டார்.

"நான் வேண்டாமுன்னது எங்கீங்க எழுதியிருக்குது?"

"எப்பவும் இப்படித்தானுங்கம்மா எழுதறது."

"அப்ப எப்பவும் பொய்யிங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வகுப்பில் 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லாத் தலைகளும் ஆடும். ஆடாத ஒரு தலைக்காக மறுபடியும் பாடம் நடத்துகிறவன் நான். அந்த ஒரு தலையைத்தான் அன்று எழுதாமல் விட்டிருந்தேன். 'ஏகமனதாக' என்பதை வெட்டி, 'ஒருவர் எதிர்த்தார்' என்று எழுதிய பிறகே அவர் விரல் வெளியே வந்தது.

அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் மேலிடத்திலிருந்து, எதிர்த்தவர் சொல்வதைக் கேட்டு மறுபடி முடிவு செய்யுங்கள் என்று காகிதம் வந்தது. கூட்டத்தை உச்சிவேளையில், மாடு வருகிற நேரத்தில், குளக்கரையிலேயே வைக்க வேண்டும் என்று ராமாத்தாள் பிடிவாதம் பிடித்தார்.

மோட்டார் வைத்திருந்த ஓர் உறுப்பினர் சீண்டினார். "மாட்டுக்கும் ஓட்டு உண்டுங்களாக்கா?"

"இல்லீங்க. அதனாலதான் நம்மள நம்பி வருதுக. இன்னிக்கு நாம வேலி போட்டா, நாளைக்கு அவிங்க மேலே ஓடைய மறிப்பாங்க. கொளத்துக்குத் தண்ணி வானத்துல இருந்து நேரா குதிக்குதுங்களா? பொண்ணு குடுக்கறதும் எடுக்கறதும் அந்த ஊருலதானுங்களே!"

அதற்குள் எல்லை தாண்டி வந்த மாடுகள் கரையிறங்கித் தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருந்தன. வேலி கைவிடப்பட்டது. பிறகு ராமாத்தாள் சொல்லச் சொல்லப் புதுத் தீர்மானத்தை நான் எழுதினேன்: முதலில் மனிதர், அடுத்து மாடு, மிச்சமிருந்தால் மோட்டார். யார் மாடு என்று கேட்கக்கூடாது. தண்ணீர் குளத்துப் படிக்கட்டின் ஏழாம் படிக்குக் கீழே போனால் எல்லா மோட்டாரும் நிற்க வேண்டும். இரண்டு பேர் எதிர்த்தார்கள். அதையும் எழுதச் சொன்னவர் அவர்தான்.

அந்த வருடம் முதலில் காய்ந்தது அவருடைய கடலைக்காடு. நான் வருத்தப்பட்டபோது, "காயட்டுமுங்க. மழை பேஞ்சா கடலை மறுக்கா மொளைக்கும். பகை மொளைச்சா புடுங்க முடியுங்களா?" என்றார்.

சென்ற வாரம் பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்தார். ராமாத்தாளுக்கு இரங்கல் தீர்மானம் எழுதித்தர வேண்டுமாம். குளத்துக்கு அவர் பெயர் வைக்கிறார்களாம். அதே தாளில், ஏழாம் படி விதியை நீக்கும் தீர்மானமும் வேண்டுமாம். இரண்டும் 'ஏகமனதாக' என்று இப்போதே எழுத வேண்டுமாம்; கூட்டம் வரும் புதன்கிழமைதான்.

இரங்கலை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

"ஒரு வார்த்தைதானுங்களே, வாத்தியாரே" என்றார் வந்தவர்.

ஆமாம், ஒரு வார்த்தைதான். ராமாத்தாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மடக்கிய கட்டைவிரல். இனி என் கை அந்த வார்த்தையை எழுதாது. புதன்கிழமை உச்சிவேளைக்குக் குளக்கரைக்கு வாருங்கள். கூட்டத்தை அங்கே வைக்கச் சொல்லுவோம். எதிர்த்தவர்கள் எத்தனை பேர் என்று இந்த முறை பஞ்சாயத்தார் எண்ணித்தான் எழுத வேண்டும்.