இடக்கைப் பெண்டாட்டி

சபீனா ஹெர்ட்லின் எதையும் மறக்கிறவள் இல்லை. ஆக்ஸ்பர்க் நகரத்தில் செப்புத் தகட்டில் படம் வெட்டுகிறவர்களில் அவள் கைக்கு ஈடு கிடையாது. இருபது வருஷம் அவளிடம் அச்சு உருளை சுற்றியவன் சொல்கிறேன். அவளைக் கட்டிக்கொள்வதாகச் சத்தியம் செய்து, வயிற்றில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, தேவாலயத்தில் விசாரித்தபோது "கல்யாணத்துக்கென்று இவளுக்கு நான் கை கொடுத்ததே இல்லை" என்று கூசாமல் சொன்னான் லியோன்ஹார்ட் ரவ்னர். நாசமாய்ப் போக! மகள் ரெகீனாவுக்கு இப்போது பதினெட்டு. அப்பன் பேர் இல்லையென்று இரண்டு வரன் தட்டிப்போயிற்று.

அதே ரவ்னர் பிரபு பட்டம் வாங்கிய கையோடு, குடும்பப் படம் வெட்டச் சொல்லி ஓவியத்தை அனுப்பினான். என்ன நெஞ்சழுத்தம்! ஓவியத்தில் வலது கையால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளோடு நிற்கிறான்.

தகட்டில் வெட்டுவது தாளில் இடம் வலம் மாறி விழும். அதனால் ஓவியத்தைக் கண்ணாடியில் காட்டி, அதைப் பார்த்துத்தான் வெட்டுவோம். சபீனா கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"அக்கா, கண்ணாடி?" என்றேன்.

"வாயை மூடிக்கிட்டு உன் வேலையைப் பாரு, மத்தேஸ்."

ரவ்னர் வந்து, அச்சான தாளில் தன் மூஞ்சியை மட்டும் பார்த்தான். "அடடா, கண்ணாடியில பார்க்கிற மாதிரியே இருக்கு!" என்று பூரித்துப்போய், புத்தாண்டுக்கு இருநூறு வீடுகளுக்கு அனுப்பினான்.

ஊர் சிரித்தது. தாளில் ரவ்னர் இடது கையால் அல்லவா மனைவியின் கையைப் பிடித்திருந்தான்! பிரபுக்கள் தகுதி குறைந்தவளைக் கட்டும்போதுதான் இடக்கையை நீட்டுவார்கள். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பட்டமும் இல்லை, சொத்தும் இல்லை. மாமனார் நடுத்தெருவில் கத்தினார்: "எம் பொண்ணு உனக்கு இடக்கைப் பெண்டாட்டியாடா?" மகளைக் கையோடு கூட்டிப்போய்விட்டார்.

ரவ்னர் பட்டறைக்கு ஓடிவந்தான். "சபீனா, படத்தைச் சரிபண்ணிக் கொடு! நீ என்ன சொன்னாலும் செய்றேன்."

"ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி, ரெகீனா உங்க பொண்ணுன்னு சொல்லுங்க பிரபு."

சொன்னான். சத்தமாகச் சொல்லச் சொன்னாள், திரும்பவும் சொன்னான். ரெகீனா தலை நிமிர்ந்து நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலையிலேயே வந்து நின்றான். "சொல்லிட்டேன்ல? மாத்து."

"செம்புல வெட்டினதை மாத்த முடியாதுங்க. புதுத் தகடுதான் வெட்டணும். எட்டு மாசம் ஆகும்."

"எட்டு மாசமா? அடிப்பாவி! அதுவரைக்கும் ஊர் வாயில விழுந்து நான் என்னடி பண்றது?"

"பதினெட்டு வருஷமா நான் என்ன பண்ணினேனோ, அதையே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, சபீனா வேறொருவர் தகட்டை எடுத்து வெட்ட உட்கார்ந்தாள்.