லேயிலிருந்து டெல்லிக்கு ஒன்றேகால் மணி

நான் நான்காம் வகுப்பு படித்த மார்கழியில் அம்மா மஞ்சள்காமாலை முற்றி, நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பா லடாக்கில், லே பக்கம், சாலையில் விழும் பனியைத் தள்ளும் புல்டோசர் ஓட்டிக்கொண்டிருந்தார். வரவேண்டியவரை வரச்சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் மாமாவிடம் சொன்னார். மாமா அம்மாவின் தம்பி.

மாமா வராந்தாவில் நின்று போனைத் தடவிப் பார்த்தார். “லேயில இருந்து டெல்லிக்கு அறுநூறு கிலோமீட்டர் சொச்சந்தான் மக்கா. பிளேனுக்கு ஒண்ணேகால் மணிக்கூர்.”

டெல்லியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மூன்றரை, அங்கிருந்து காரில் இரண்டு. மாத்திரை அட்டையின் பின்னால் எழுதிக் கூட்டினேன். ஆறேமுக்கால். பள்ளிக்கூடம் தொடங்கி முடிவதற்குள் அப்பா வந்துவிடலாம். கணக்கில் நான்தான் வகுப்பிலேயே முதல்.

லேயில் விமானங்கள் காலையில்தான் கிளம்பும். முதல் நாள் பனி கொட்டியது. இரண்டாம் நாள் மேலே வந்த விமானம் தரை தெரியாமல் திரும்பிப் போய்விட்டது. மூன்றாம் நாள் காலை அப்பா கூப்பிட்டு, “இன்னைக்கும் இல்லியாம்” என்றபோது நான் மாமா பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

உள்ளே போனதும் அம்மா கேட்டாள். “அவிய எங்க நிக்காவ?”

“டெல்லி வந்தாச்சு அக்கா” என்றார் மாமா. என் தோளை ஓர் அழுத்து அழுத்தினார்.

அம்மா என்னைப் பார்த்தாள். “இஞ்ச எப்பம் வருவாவ மக்கா?”

கணக்கென்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. “பதினோரு மணிக்குப் பிளேன் ஏறினா ரெண்டரைக்குத் திருவனந்தபுரம். நாலரைக்கு இங்க.”

அம்மா தன் தலையை வாரிவிடச் சொன்னாள். வலிக்குப் போடும் ஊசியோடு நர்ஸ் வந்தபோது, “வேண்டாம், உறங்கிப் போவேன்” என்று கையை இழுத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கொஞ்ச நேரத்துக்கொருதரம் மணி கேட்டாள். சொன்னேன்.

“இப்பம் எத்தன?”

“அஞ்சு. ரோட்டுல பிளாக்கா இருக்கும் அம்மா.”

“சரி மக்கா” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் லேயில் வானம் வெளுத்துவிட்டதாம். விமானம் சரியாக ஒன்றேகால் மணி நேரத்தில் அப்பாவை டெல்லியில் இறக்கியது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், அம்மாவைப் பார்த்துவிட்டு என்னைப் பக்கத்தில் இருத்தி, தலையில் கைவைத்துக் கேட்டார். “அம்மை கடைசியா என்னம்மோ சொன்னாளா?”

“மணி கேட்டா. நீங்க நாலரைக்கு வருவீயன்னு நான்தான் கணக்குப் போட்டுச் சொன்னேன். ஊசிகூட போடாம முழிச்சே கெடந்தா.”

அப்பாவின் கை தலையிலிருந்து விழுந்தது. தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்து, “ஒண்ணேகால், மூணரை, ரெண்டு…” என்று முதலிலிருந்து கூட்டிக் காட்டத் தொடங்கினேன்.

“போதும் மக்கா” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எங்கே பிழை விட்டேன் என்று அன்று முழுவதும் விரல் விட்டுக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் வந்தது.