கை எட்டாத வெண்டைக்காய்

1. கழற்றச் சொல்லி வந்த போன்

மேனாம்பேட்டில் கேட்டும் கிரில்லும் அடித்தே தலை நரைத்தவன் நான். இப்போது என் பட்டறைக்கு அதிகம் வருவது மேடைப்பாத்தி ஆர்டர்தான். ஆங்கிள் ஃப்ரேம், நாலு பக்கமும் ஜி.ஐ. ஷீட், உள்ளே மண். நாங்கள் ‘பெட்டு’ என்போம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக ஒரு பெட்டின் கதையைச் சொல்கிறேன்.

திருமுல்லைவாயிலில் இருந்து கார்த்திக் போன் செய்தார். ஐ.டி. வேலை, அம்மாவோடு இருப்பவர். அவர் அம்மா மரகதத்துக்காக அந்த வீட்டுப் பின்கட்டில் பெட்டு போட்டவன் நான்தான்.

“அண்ணா, கட்டிங் மெஷினோட வாங்க. அம்மா சேர் போட்டு பெட்டு மேல ஏறி நிக்கிறாங்க. ஆபரேஷன் பண்ண முட்டி, விழுந்தா என்ன ஆகும்? கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க.”

2. “விதைக்கு விட்டிருக்கேன்”

மரகதம்மா ஆவடி டிஃபென்ஸ் ஃபேக்டரியில் தையல் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் தரையில் உட்காரக் கூடாது, குனிந்து களை பிடுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் செடித் தொட்டிகளை எல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டார். அந்த அம்மா சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டாராம். அதற்கு வைத்தியமாக வந்ததுதான் என் பெட்டு.

பெட்டின் அருமையை அவரிடம்தான் கண்ணால் பார்த்தேன். இரண்டரை அடி உயரம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் மண் கைக்கு நேராக வந்துவிடும். யாரும் மிதிக்காத மண், அதனால் மண்வெட்டி வேண்டாம், விரலே போதும். எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள விளிம்பில் பைப் வைத்திருந்தேன். மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தபோதும் ஒரு செடி அழுகவில்லை. அந்த முட்டியை வைத்துக்கொண்டு கீரை, கத்தரி, வெண்டை என்று அந்த அம்மா எடுத்த காய்ப்பு இருக்கிறதே, அசந்து போனேன்.

அன்றைக்குப் போய்ப் பார்த்தால், முன்வரிசை வெண்டையில் ஒரு முத்தல்கூட இல்லை. சுவரோர வரிசையில் அத்தனையும் முத்தி, நார் பிடித்துத் தொங்கின.

“இன்னாம்மா, பின்னாடி எல்லாம் இப்படி முத்திப் போய்க் கீது?”

“அது விதைக்கு விட்டிருக்கேன் தம்பி.”

“அத்தினியுமா? திருமுல்லைவாயிலுக்கே விதை குடுக்கப் போறீங்களா?”

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துக் கையை நீட்டச் சொன்னேன். விரல் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது. சேர் போட்டு ஏறியது அந்தப் பின்வரிசைக்காகத்தான். பெட்டு நாலு அடி அகலம், ஒரு பக்கம் சுவர். ஒரு பக்கம்தான் கை வைக்க முடியும் என்றால் ரெண்டு அடிக்கு மேல் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். நிறைய நடலாம் என்ற ஆசையில் அகலமாகக் கேட்டது அவர்தான். இடையில் ஒரு முறை போய்க் கேட்டபோதும் “ரொம்ப வசதியா இருக்கு தம்பி” என்று காபி கொடுத்து அனுப்பினார்.

“எட்டலன்னு அன்னிக்கே சொல்லிருக்கலாமேம்மா?”

மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார். “எட்டலன்னு சொன்னா மொத்தத்தையும் எடுத்துடுவான் தம்பி. தொட்டிக்கும் அப்படித்தான் ஆச்சு. முட்டி வலிக்குதுன்னுதான் சொன்னேன். மறுநாள் ஒரு தொட்டி இல்ல.”

கார்த்திக் சுவரோரம் எட்டி, முத்திய வெண்டை ஒன்றைப் பறித்துக் கையில் வைத்துப் பார்த்தார்.

3. இரண்டாக அறுத்தது

“ஒரு நாள் டைம் குடுங்க சார். அதுக்கப்புறமும் அம்மா ஏறினாங்கன்னா நானே தூக்கினு போயிடறேன்” என்றேன்.

கட்டிங் மெஷின் கொண்டுபோனது வீண் போகவில்லை. பெட்டை நீளவாக்கில் அறுத்து, அறுத்த பக்கத்தை ஷீட் வைத்து அடைத்து, ரெண்டு ரெண்டு அடியாக இரண்டாக்கினேன். ஒன்று சுவரோரம், ஒன்று அதற்கு எதிரே, நடுவில் நாற்காலி போகும் வழி. மண்ணை அள்ளிக் கொட்டியது கார்த்திக். கீபோர்டு தட்டுகிற கை, கொப்புளம் போட்டுவிட்டது. மனுஷன் நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், டேப்பைத் தரையில் வைப்பதற்கு முன்னால் செடி வைக்கப் போகிறவரை உட்காரவைத்து, நீட்டிய கையைத்தான் முதலில் அளக்கிறேன். ‘நல்லா இருக்கு’ என்று பெரியவர்கள் சொல்வதை மட்டும் நம்பி வந்துவிடாதீர்கள். முடியவில்லை என்று சொன்னால் இருப்பதும் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு.

வேலை முடிந்ததும் மரகதம்மா நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடைசி வரிசை வரை தொட்டுப் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

“டேய், எனக்கு இந்தத் தோளும் வலிக்குதுடா. ரொம்ப நாளா.”

கார்த்திக் மண் ஒட்டிய கையோடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சொல்லும்மா” என்றார்.