மறைச்சுக் குடுன்னு கேட்ட துஆ

சகோதரிகளே, உங்க எல்லார் மேலயும் அல்லாஹ்வோட சாந்தி உண்டாகட்டும். என் பேரு ஹபீபா. கூத்தாநல்லூர் பக்கத்துல இருக்கோம். இதை நாலு பேர் முன்னாடி சொல்லலாமான்னு எங்க வீட்டுக்காரர்கிட்டயே கேட்டேன். சொல்லு, என் பேரையும் சேர்த்தே சொல்லுன்னுட்டார். அவர் பேரு ஜமாலுதீன்.

ஏழு மாசம் நான் அவரை மாடி ரூமுல வெச்சுப் பூட்டி வெச்சிருந்தேன்.

அவர் இருபத்திரெண்டு வருஷம் வெளிநாட்டுச் சபுருல இருந்தவர். குவைத்துல லாரி டிரைவர். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஊருக்கு வருவார், ரெண்டு மாசம் இருப்பார், போயிடுவார். எங்க மக ஷமீமா பொறந்தப்பகூட அவர் இங்க இல்ல. கடைசியா ஒரு வருஷம் ரமலானுக்கு முன்னாடி கம்பெனியை மூடிட்டு எல்லாரையும் ஊருக்கே அனுப்பிட்டாங்க.

எங்க பக்கம் வெளிநாட்டுல இருந்து ஆள் வந்தா முதல் வாரம் எப்ப வந்தீங்கன்னு கேப்பாங்க. அடுத்த வாரம் எப்பப் போறீங்கன்னு கேப்பாங்க. கெட்ட எண்ணமில்ல, பழக்கம். ஆனா இவரால பதில் சொல்ல முடியல. கடைத்தெருவுக்குப் போறதை நிறுத்தினார். அப்புறம் பள்ளிவாசலுக்கும் போகல. பெருநாள் தொழுகைக்கே போகல. தூக்கம் போச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் நாலு பேர் உக்காந்து தன்னைப் பத்திப் பேசறாங்கன்னார். வயல்ல அறுப்பு மெஷின் ஓடுற சத்தம் கேட்டா, தன்னைப் பிடிச்சுட்டுப் போக வர்றாங்கன்னு கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல போய் ஒடுங்கிக்குவார். யாரையும் அடிக்கல. ஒரு கெட்ட வார்த்தை பேசல. பயந்தார், அவ்வளவுதான்.

அப்பதான் ஷமீமாவுக்கு நாகூர்ல ஒரு சம்பந்தம் பேசி முடிச்சிருந்தோம். நல்ல இடம். என் கொழுந்தனார் வந்து பார்த்துட்டு, பொண்ணைப் பெத்த அத்தாவுக்கு இப்படின்னு தெரிஞ்சா பொண்ணை எடுக்க மாட்டாங்க, நிக்காஹ் முடியற வரைக்கும் மூச்சு விடாதீங்கன்னார். பொண்ணுக்குப் பொறுப்பாளரா, வலியா, தானே உக்காந்துக்கறேன்னார். எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. அவர் திரும்ப சபுருக்குப் போயிட்டார்னு தெருவுல சொன்னேன். எல்லாரும் நம்பினாங்க. அவங்க எதிர்பார்த்ததே அதைத்தானே.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல எல்லாமே மாறிப் போச்சு. அவர் கைலியை மாடியில காயப்போட மாட்டேன், சமையக்கட்டுலயே கொடி கட்டிக் காயவெப்பேன். யாராவது வந்தா டிவி சத்தத்தைக் கூட்டி வெப்பேன். ஷமீமா பிரெண்டுங்க யாரும் வீட்டுக்கு வரக்கூடாது. அவ சிரிச்சு நான் பார்க்கல. சோறு கொண்டுபோய் வெச்சிட்டு, வெளியில தாழ் போட்டுட்டு வருவேன். தாழ் போடற சத்தம் கேட்டதும் உள்ளேருந்து, "ஹபீபா, நான் என்ன தப்பு பண்ணினேன்?"னு கேப்பார். நான் வேகமா படியிறங்கிடுவேன்.

அஞ்சு வேளையும் ஒரே துஆதான் கேட்டேன். யா அல்லாஹ், நீ குறைகளை மறைக்கறவன். என் வீட்டுக் குறையை மறைச்சுக் குடு. மக கல்யாணம் முடியற வரைக்கும் யார் கண்ணுலயும் படாம வெச்சுக்க. அவரைக் குணமாக்குன்னு ஒரு தடவை கேட்டிருப்பேனான்னு இப்ப யோசிச்சா, வெக்கமா இருக்கு.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனேன். காலையில வெச்ச இட்லி அப்படியே இருந்துச்சு. அதுல ஏதோ கலந்திருக்கேன்னார். என்னைப் பார்த்தே பயந்தார். கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை அதட்டிக்கூடப் பேசாதவர், என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் கீழ வந்துட்டேன், சாயங்காலம் அஸர் தொழுதேன். ஸஜ்தாவுல தரையில நெத்தியை வெச்சவ எழுந்திரிக்கவே முடியல. அன்னைக்கு மறைச்சுக் குடுன்னு கேக்கல. இனிமே என்னால ஆகாது, நீ பார்த்து என்ன செய்யணுமோ செய்யின்னு மட்டும் அழுதேன். பக்கத்துல ஷமீமாவும் தொழுதுக்கிட்டிருந்தா. அவ எழுந்து அத்தாவுக்கு டீ எடுத்துட்டு மாடிக்குப் போனா.

முஸல்லாப் பாயை இன்னும் மடிச்சு வெக்கல, வாசல்ல கார் நின்னுச்சு. மாப்பிள்ளையோட அம்மா மைமூன். திருவாரூர்ல ஒரு விசேஷத்துக்கு வந்தவங்க, போற வழியில பொண்ணைப் பார்த்துட்டுப் போகலாம்னு நுழைஞ்சுட்டாங்க. கூட அவங்க தங்கச்சியும் இருந்தாங்க. உக்காரச் சொல்லி, தட்டுல பிஸ்கட் வெச்சிட்டு டிவியைப் போடப் போனேன். அப்ப மாடிப்படியில காலடிச் சத்தம்.

எங்க வீட்டுக்காரர் இறங்கி வர்றார். தாடியும் தலைமுடியும் காடா வளர்ந்து கிடக்கு. நடுப்படியில நின்னு சலாம் சொன்னார். அப்புறம் விரலை வாயில வெச்சு, "மெதுவா பேசுங்க, அந்தப் பக்கம் கேக்கறாங்க"ன்னார்.

எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

மாப்பிள்ளையோட அம்மா எழுந்து பதில் சலாம் சொன்னாங்க. அவர் கேட்டபடியே மெதுவா சொன்னாங்க. "வாங்க நானா, உக்காருங்க. சாப்பிட்டீங்களா?" நாகூர்ல அண்ணனை நானான்னுதான் கூப்பிடுவாங்க. இவர் வந்து உக்காந்தார். அவங்க தட்டுல இருந்த பிஸ்கட்டை எடுத்து, பாதியைத் தான் தின்னுட்டு மீதியை நீட்டினாங்க. வாங்கித் தின்னார். நான் சுவத்துல சாஞ்சு நின்னு பார்த்துக்கிட்டிருக்கேன்.

அப்புறம் என்னை உள்ள கூப்பிட்டு எத்தனை மாசமான்னு கேட்டாங்க. சொன்னேன். பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கங்கன்னேன். "என் தம்பிக்கும் இப்படித்தான் இருந்துச்சு. என் கல்யாணத்துக்காக அவனைக் கொல்லைப்புற ரூமுல வெச்சாங்க. கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. நாப்பதாம் நாள் அவன் கடல்ல இறங்கிட்டான். எனக்காக ஒருத்தன் போனது போதும். திங்கக்கிழமை நான் வர்றேன், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போவோம்"னாங்க.

சொன்னபடி வந்தாங்க. டாக்டர் பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, இது வியாதி, மருந்து இருக்கு, இன்னும் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்னார். மூணு வாரம் அங்கேயே தங்கினோம். முதல்ல தூக்கம் வந்துச்சு. அப்புறம் பசி. ஒருநாள் ஜன்னல்கிட்ட நின்னு, வெளியில மழையா ஹபீபான்னு கேட்டார். அவர் சுவத்தைப் பத்திப் பேசாம மழையைப் பத்திப் பேசினதுக்கு நான் அழுதேன்.

வீட்டுக்கு வந்தப்புறம் ஷமீமா சொன்னா, அன்னைக்கு டீ குடுத்துட்டு இறங்கறப்ப தாழ் போட அவளுக்கு மனசு வரலையாம். நான் ஸஜ்தாவுல அழுததைப் பார்த்துட்டுத்தான் போனாளாம். தப்புன்னா அடிம்மான்னா. நான் ஏன் அடிக்கப் போறேன்? கேட்டு எழுந்த கையோட என் ரப்பு அல்லாஹ் பதில் குடுத்தான். அவ கையாலயே குடுத்தான்.

மாப்பிள்ளை வீட்டு ஆம்பளைங்கள்ல ரெண்டு பேர் இந்தச் சம்பந்தம் வேணாம்னாங்க. கல்யாணத்துக்கும் வரல. மாப்பிள்ளை மட்டும் நேர்ல வந்து இவர்கூட ஒரு மணி நேரம் பேசிட்டுப் போனார். மறு வருஷ ஹஜ் பெருநாளுக்கு அடுத்த மாசம் நிக்காஹ். நிக்காஹ் நடத்தின ஹஜ்ரத் கேட்டப்ப, வலியா உக்காந்திருந்த இவர் தெளிவா சொன்னார், என் மகளைக் குடுத்தேன்னு.

முழுசா குணமாயிட்டார்னு சொல்ல மாட்டேன். மாத்திரை உண்டு. சில நாள் முகம் வாடி இருக்கும், கேட்டா, இன்னைக்குக் கொஞ்சம் சத்தம் இருக்குன்னு சொல்வார். முன்ன வாங்கிப் போட்ட நாலு மா நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தோம். இப்ப குத்தகைக்காரர்கூடச் சேர்ந்து இவரும் வயலுக்குப் போறார். எப்ப சபுருக்குப் போறீங்கன்னு யாராவது கேட்டா, போகலன்னு சொல்றார்.

தெருவுல பொய் சொன்னதை நானே வீடு வீடாப் போய்ச் சொன்னேன். சில பேர் பேச்சைக் குறைச்சாங்க. ஆனா மூணு பேர் கொல்லைப்பக்கமா வந்து, எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காங்கன்னு சொன்னாங்க. அவங்களோட நான் பஸ் ஏறித் தஞ்சாவூருக்குப் போறேன். சீட்டு வாங்கற இடம் தெரியும், டாக்டர் ரூமு தெரியும்.

துஆ கேளுங்க சகோதரிகளே, விடாதீங்க. ஆனா என்னை மாதிரி இப்படித்தான் நடக்கணும்னு அல்லாஹ்வுக்கு வழி சொல்லாதீங்க. உங்க வீட்டுல இப்படி ஒருத்தர் இருந்தா, இந்தப் பயான் கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட வாங்க. யார் முன்னாடியும் பேச வேண்டாம். என்னைக்குப் போகலாம்னு மட்டும் சொல்லுங்க, நான் வர்றேன்.