எட்டு மொட்டைத் தலைகள்

சுருளிப்பட்டிக்கு மேலே மடம் போட்டிருந்த சாமியாரை நம்பி அக்கா வீட்டை விட்டுப் போனபோது எனக்குப் பத்து வயது. மறு வருஷமே அந்த மடத்தில் ஒரு கொலை விழுந்தது. சாமியாரோடு அங்கே இருந்த எட்டுப் பெண்களையும் மதுரைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். பத்திரிகையில் படம் வந்தது. மானம் போகிறதே என்று அப்பா கம்பத்துக்கு வந்த பிரதிகளையெல்லாம் வாங்கி அடுப்பில் போட்டார். எங்கள் கண்ணில்கூடக் காட்டவில்லை. அக்கா ஜெயிலிலேயே செத்துப்போனாள்.

ஏழெட்டு வருஷம் கழித்து அப்பா காலமானார். அதன் பிறகுதான் அம்மா வாயைத் திறந்து, அக்காவின் திதிக்கு வைத்துக் கும்பிட ஒரு படம் வேண்டும் என்றாள். மதுரையில் அந்தப் பத்திரிகை ஆபீஸுக்குப் போய்க் கெஞ்சினேன். குமாஸ்தா பழைய படத்தைத் தேடி எடுத்து மேஜையில் வைத்தார். எட்டுப் பெண்களுக்கும் மொட்டை, எட்டுப் பேருக்கும் வெள்ளைச் சேலை. அந்தப் பாவி மட்டும் தாடியும் சடையுமாக நடுவில் நின்றான்.

“இதுல உங்க அக்கா யாரு?”

இடுப்பு வரை தொங்கிய சடையை வைத்துத்தான் எனக்கு அக்காவைத் தெரியும். தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்றாவது முகத்தில் விரலை வைத்தேன். அதை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தேன்.

அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

“ஏலே, இது அவ இல்லடா.”

“மதுரைக்கு வா. நீயே பார்த்துக் காட்டு” என்றேன்.

“எம் பிள்ளைய மொட்டையோட நான் பார்க்கணுமா? இவளே இருக்கட்டும்” என்று அந்த நெற்றியில் பொட்டு வைத்தாள்.